லேயார்டின் பறவையும் முத்துவின் பெயரும்

முல்லைத்தீவு நகரிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் முள்ளிவாய்க்கால். இடப்பக்கம் நந்திக்கடல், வலப்பக்கம் வங்காள விரிகுடா. நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மண் திட்டில்தான் வீதியும் வீடுகளும் பனைகளும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டு மே மாதம் நடந்தவற்றின் எச்சங்களும் அங்கேதான். மாரி தொடங்கி வாடைக்காற்று பலத்தால் இந்தக் கரையில் எது வந்து ஒதுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நாட்டு வலையோ, எந்தக் கப்பலின் மிதவையோ, வேரோடு பெயர்ந்த மரமோ கிடக்கும். 2024 டிசம்பரில் ஒரு படகே வந்தது. மியன்மாரிலிருந்து தப்பிய நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் அதில் இருந்தார்கள். முள்ளிவாய்க்கால் கடலில் அவர்களை முதலில் கண்டவர்கள் மீனவர்கள். கடற்படை வந்ததும் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனதும் அதற்குப் பிறகுதான்.

அதே கடலைக் கடந்துதான் பறவைகளும் வருகின்றன. அவற்றையும் பெரும்பாலும் முதலில் காண்பவர்கள் கரைவலை இழுப்பவர்களும் வாடிகளில் படுத்து எழும்புபவர்களும்தான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்து வன்னிக்கு மேலாகப் போனது. அப்படியொரு இரவுக்கு அடுத்த காலையில் கரையில் நடப்பவர்கள் முன்பின் பார்த்திராத பறவைகளைக் காண வாய்ப்பு அதிகம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முட்டையிட மட்டும் ஏதாவது தீவில் இறங்கி மீதிக் காலம் முழுவதும் நடுக்கடலிலேயே வாழும் பறவைகள். கருமுதுகு கொண்ட ஆலாக்கள், நீண்ட இறக்கையும் கத்தரி போன்ற வாலும் உள்ள பெரிய கடற்பறவைகள் எல்லாம் இந்த வகை. புயலுக்குள் அகப்பட்டால் அதனோடேயே இழுபட்டு வந்து, காற்று தளரும் இடத்தில் களைத்து விழும். 2020 மே மாதம் அம்பன் புயல் வங்காளத்தைத் தாக்கிய பிறகு, கடலிலிருந்து வெகு தூரத்தில் கொல்கத்தாவைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இந்த ஆலாக்கள் பறந்ததைப் பார்த்துப் பறவை ஆர்வலர்கள் திகைத்துப்போனார்கள். மற்ற வகை, வடக்கே குளிர் தொடங்கியதும் தெற்கே புறப்படும் சின்னஞ்சிறு காட்டுப் பறவைகள். இவை பெரும்பாலும் இரவில் பறப்பவை. எதிர்க்காற்றும் மழையும் வந்தால் கண்ணில் படும் முதல் தரையில் இறங்கிவிடும். அது காடா, மணலா, இராணுவ முகாமின் வேலியா என்று பார்க்கும் நிலையில் அவை இருப்பதில்லை.

இலங்கையில் இவ்வாறு வழிதவறி வந்த கடற்பறவைகள் பற்றிய பழைய பதிவுகள் அதிகம் மேற்குக் கரையிலிருந்தும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலிருந்தும் வருபவை. காற்று ஒரு காரணம். பார்ப்பதற்கு ஆட்கள் அங்கே இருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். வடகிழக்குக் கரையில் முப்பது வருடம் யுத்தம். கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டபடி இந்தக் கரையில் ஒருவர் நடந்திருந்தால் இரண்டு தரப்புமே அவரை என்ன செய்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அதனால் எங்கள் கரைக்கு வந்துபோன பறவைகளில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் இல்லை.

ஏட்டில் ஏறிய ஒரு பறவை உண்டு. இதே கரை வடக்கே போய் முடியும் பருத்தித்துறையில், ஏறத்தாழ 170 வருடங்களுக்கு முன் கிடைத்தது. இருக்க வேண்டிய காட்டில் இல்லாமல் கடற்கரை ஊரில் கிடைத்த பறவை அது. அதை உலகுக்கு அறிவித்த எட்கர் லியோபோல்ட் லேயார்ட் பறவை நூல்களை ஒருமுறையாவது புரட்டிய எவருக்கும் தெரிந்த பெயர். பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர் முத்து.

லேயார்ட் 1824 யூலை 23ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி பீட்டர் ஜோன் லேயார்ட் இலங்கையில் குடியியல் சேவையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்தக் குடும்பத்துக்கு இலங்கை ஒருவகையில் ஊர்ப்பக்கம் மாதிரி. கொழும்பு மாநகர சபையின் முதல் மேயராக 1866இல் வந்த சார்ள்ஸ் பீட்டர் லேயார்டும் அதே குடும்பம்தான். கொழும்பில் லேயார்ட்ஸ் புரோட்வே என்ற தெருவைக் கடந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

எட்கரின் மூத்த சகோதரர் ஒஸ்டின் ஹென்றி லேயார்ட் உலகப் புகழ் பெற்றவர். அவரும் இலங்கைக்கு வந்திருக்க வேண்டியவர்தான். 1839இல் இங்கே ஓர் உத்தியோகம் தேடி, கப்பலில் ஏறாமல் தரைவழியாக ஆசியாவைக் கடந்து வருவதென்று லண்டனிலிருந்து புறப்பட்டார். வழியில் பாரசீகமும் மெசப்பொத்தேமியாவும் அவரைப் பிடித்துக்கொண்டன. இலங்கையை மறந்து, 1845இல் நிம்ரூத்தின் மண்மேடுகளைத் தோண்டத் தொடங்கினார். அசீரியர்களின் சிறகு முளைத்த காளைச் சிற்பங்கள் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போனது அப்படித்தான். அண்ணன் வந்து சேராத தீவுக்கு அடுத்த வருடமே, 1846இல், தம்பி வந்து இறங்கினார். வயது 22கூட நிறையவில்லை. முதல் வருடம் மணமுடித்த மனைவி பார்பரா ஆன் கல்த்ரோப்பும் கூடவே வந்தார்.

அப்போதைய இலங்கையில் கோப்பிதான் எல்லாம். மலைநாட்டுக் காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டு, தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் மன்னார் வழியாக நடந்தே மலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. இவற்றுக்கு நடுவில் ஆங்கிலேய உத்தியோகத்தர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பூச்சி, பாம்பு, சிப்பி, பறவை என்று திரட்டிக்கொண்டிருந்தார்கள். இராணுவ வைத்தியரான ரொபர்ட் டெம்பிள்டன் அவர்களில் ஒருவர். புதிதாக வந்த இளைஞனான லேயார்டை ஊக்குவித்தவர் அவர்தான். மற்றொரு வைத்தியரான எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் இலங்கையிலேயே பிறந்தவர். இலங்கை விலங்குகளைப் பற்றி 1852இல் அவர் கொண்டுவந்த நூலுக்கான பறவைப் பட்டியலில் லேயார்டின் பங்கும் உண்டு. குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கையின் இயற்கை பற்றிப் பின்னாளில் எழுதியபோதும் லேயார்டின் தகவல்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார்.

பெயர் தெரியாத பறவை கிடைத்தால் தோலைக் கல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். அங்கே ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத், அது புதியதா என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பெயர் வைப்பார். 1849இல் மட்டும் லேயார்ட் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு பெயர்களை அவர் வைத்தார். இலங்கையின் காட்டு அணில் ஒன்றுக்கு லேயார்டின் பெயர். இலங்கையில் மட்டுமே வாழும் சாம்பல் முதுகுக் கிளி ஒன்றுக்கு லேயார்டின் மனைவி பார்பராவின் பிறந்த வீட்டுப் பெயர். இரண்டாவது பெயரை அச்சில் ஏற்றியபோது ஓர் எழுத்து மாறிவிட்டது. கல்த்ரோப் என்பது கல்த்ராப் ஆகிவிட்டது. விலங்கியல் பெயர்களில் முதலில் அச்சானது எதுவோ அதற்குத்தான் மதிப்பு என்பதால் அந்தப் பிழை இன்றுவரை நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் கிளியை எல்லோரும் அழைப்பது லேயார்டின் கிளி என்றுதான். மனைவிக்குக் கொடுத்த பறவை புழக்கத்தில் கணவனிடமே வந்து சேர்ந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முத்துவுக்கும் இதே கதைதான்.

அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் தொலைநோக்கியும் கமெராவும் இல்லை. துப்பாக்கிதான். சுட்டோ, பொறி வைத்தோ, கண்ணி போட்டோ பறவையைப் பிடிக்க வேண்டும். இந்த வெயிலில் சில மணி நேரத்துக்குள் உரிக்காவிட்டால் அழுகிவிடும். தோலையும் இறகையும் கிழியாமல் எடுத்து, உட்புறத்தில் பாசாணம் கலந்த சவர்க்காரத்தைப் பூசி, பஞ்சு அடைத்து, காலில் துண்டுச்சீட்டு கட்டி, எறும்பும் பூஞ்சணமும் அண்டாமல் பெட்டியில் அடுக்க வேண்டும். பத்துக் கிராம் நிறையுள்ள பறவையை உரிப்பது பூக்கட்டுவதைவிட நுணுக்கமான வேலை. கச்சேரியிலோ சுங்கத்திலோ பகல் முழுவதும் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரரால் இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது. எந்தப் பறவை எந்த மரத்துக்கு எந்த நேரத்தில் வரும் என்பதை அவர் ஊர்க்காரரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பறவையியல் நூல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. பெரும்பாலான நூலாசிரியர்கள் அவர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை.

லேயார்ட் அந்த விடயத்தில் கொஞ்சம் வித்தியாசமானவர். அவர் அரசாங்க உத்தியோகத்தில் பருத்தித்துறையில் இருந்த காலத்தில், ஒரு யூன் மாதக் காலையில், அவருடைய வீட்டில் நீண்ட காலம் வேலை செய்த முத்து ஒரு சின்னப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். முதுகு மண்ணிறம். தொண்டை வெள்ளை. நெஞ்சில் இலேசான பழுப்புப் பட்டை. கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். பார்த்தவுடன் வாயைப் பிளக்கவைக்கும் அழகு எதுவும் கிடையாது. வேறு யாராவது என்றால் ஏதோ ஒரு ஈப்பிடிப்பான் என்று விட்டிருப்பார்கள். முத்து விடவில்லை. லேயார்ட் அதைப் பார்த்ததும் இதுவரை யாரும் பெயர் வைக்காத பறவை என்று புரிந்துகொண்டார்.

இலங்கையில் எட்டு வருடம் திரட்டிய பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரைத் தொடர் 1853, 1854 ஆண்டுகளில் லண்டனின் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அதில்தான் இந்தப் பறவைக்கு முத்துவின் பெயரை வைத்தார். தனக்குக் கிடைத்த நல்ல பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையும் விடாமுயற்சியுமே காரணம் என்று அங்கே ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். ஆளுநர்களுக்கும் பிரபுக்களுக்கும் தளபதிகளுக்கும் பறவைகளைக் காணிக்கை ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டு வேலையாளான ஒரு தமிழனின் பெயர் விலங்கியலுக்குள் நுழைந்தது சின்ன விடயம் இல்லை.

இன்று அந்தப் பறவையின் அறிவியல் பெயர் மஸ்கிகாப்பா முத்துயி. முதற்சொல் அதன் பேரினம். இரண்டாவது சொல்லில், ஆணின் பெயரோடு இகரம் சேர்ந்தால் இலத்தீனில் அவருடையது என்று பொருள். தமிழில் முத்துவுடைய என்று சொல்வது போல. அதற்குப் பின்னால் ஆய்வு நூல்களில் லேயார்ட், 1854 என்று எழுதுவார்கள்.

முத்து என்பது முழுப்பெயராக இருந்திருக்காது. முத்தையா, முத்துக்குமாரு, முத்துத்தம்பி, முத்துவேலு, முத்துலிங்கம், சரவணமுத்து, செல்லமுத்து என்று எங்கள் பக்கத்தில் அதற்கு எத்தனை வடிவங்கள்! துரை வீட்டில் வேலை செய்பவரை யாரும் முழுப்பெயரில் கூப்பிடுவதில்லை. சில நூல்கள் அவரைச் சமையல்காரர் என்கின்றன, சில வேலையாள் என்கின்றன. உலகம் முழுவதும் உள்ள பறவையியலாளர்கள் உச்சரிக்கும் பெயர், ஒரு வீட்டின் குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் கூப்பிடப்பட்ட பாதிப் பெயர்.

பறவை எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். முத்துயி இலங்கையில் முட்டையிடுவதில்லை. வடகிழக்கு இந்தியா, மியன்மாரின் வடக்கு, தாய்லாந்தின் வடக்கு, சீனாவின் தெற்கு என்று மலைக்காடுகளில் கூடு கட்டும். மாரியில் அங்கிருந்து புறப்பட்டு, இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வரும். நீளம் 13 சென்ரிமீற்றர் அளவு, நிறை பத்துப் பன்னிரண்டு கிராம். ஒரு தீப்பெட்டி நிறையை எடுத்துக்கொண்டு விரிகுடாவின் விளிம்பைச் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்ததும் நிழல் அடர்ந்த காட்டுக்குள் ஒதுங்கிவிடும். அந்தி மங்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகப் பூச்சி பிடிக்கும். அதனால் ஆண்டுதோறும் வந்தாலும் எளிதில் கண்ணில் படாது.

இப்படிப்பட்ட காட்டுப் பறவைக்குப் பருத்தித்துறையில் என்ன வேலை? பனையும் சுண்ணக்கல்லும் கடலும் உள்ள ஊர். அதுவும் யூன் மாதம். மாரியில் வந்தவை எல்லாம் வடக்கே திரும்பிப்போய், கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்க வேண்டிய காலம். சோளகக் காற்று வீசும் அந்த மாதத்தில் வலசைப் பறவை ஒன்று பருத்தித்துறையில் இருந்ததே ஒரு விலகல். இடமும் பிசகு, காலமும் பிசகு. எதிர்பாராத இடத்தில் இருக்கும் பறவையைக் கவனிக்க வேண்டுமென்றால், எதிர்பார்க்கக்கூடியவை எவை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தன் ஊர்ப் புறங்களில் தினமும் எது பறக்கிறது என்று அறிந்த ஒருவரால்தான் இது வேறு என்று பிடித்துக்கொண்டு வர முடியும். அதை முத்துவின் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

லேயார்டின் மீதி வாழ்க்கை நீண்டது. ஆனால் எங்கள் கரைக்கு அதில் அதிகம் இடமில்லை. 1850களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்கு மாறினார். அங்கே அரசாங்க வேலைக்கு மேலதிகமாக, 1855இல் புத்துயிர் பெற்ற தென்னாபிரிக்க அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் ஆனார். 1867இல் அவர் வெளியிட்ட தென்னாபிரிக்கப் பறவைகள் நூலில் 702 இனங்கள் விவரிக்கப்பட்டிருந்தன. அந்த நாட்டின் பறவையியலுக்கு அதுதான் அத்திவாரம். கடல் கரையில் போடுபவற்றில் அவருக்கிருந்த ஆர்வமும் குறையவில்லை. திமிங்கில மண்டையோடு ஒன்றின் படங்களை அவர் லண்டனுக்கு அனுப்ப, ஜோன் எட்வர்ட் கிரே 1865இல் அந்த இனத்துக்கு லேயார்டின் பெயரையே வைத்தார். கீழ்த்தாடைப் பல் இரண்டும் மேலே வளைந்து வாயையே கட்டிப்போடும் விசித்திரமான திமிங்கிலம் அது.

பிறகு பிரேசிலின் பாரா, அதன் பிறகு பீஜி, கடைசியாக நியூ கலிடோனியா என்று பிரித்தானியாவின் தூதுவ அதிகாரியாக இடம் மாறிக்கொண்டே இருந்தார். பீஜி 1874இல் பிரித்தானியாவின் கைக்குப் போன நாட்களில் அவர் அங்கே முக்கியமான ஆள். போன இடமெல்லாம் பறவை திரட்டினார், பின்னாளில் மகனும் சேர்ந்துகொண்டார். 1900ஆம் ஆண்டின் முதல் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கில் பட்லி சால்டர்டன் என்ற சின்னக் கடற்கரை ஊரில் இறந்தார்.

நல்ல மனிதரா? பேரரசின் ஊழியர். அவர் கால் வைத்த ஒவ்வொரு நாடும் பிடிக்கப்பட்ட அல்லது பிடிக்கப்படவிருந்த நாடு. அவர் எழுதிய பறவைகள் எல்லாம் செத்த பறவைகள். ஆனாலும் ஒரு வேலையாளுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று அச்சில் ஒப்புக்கொள்ள அவருக்குத் தோன்றியது. அது தோன்றாதவர்கள்தான் அதிகம்.

முத்துயிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயர் பழுப்பு நெஞ்சு ஈப்பிடிப்பான். அதற்கு இன்னொரு பெயரும் புழக்கத்தில் இருந்தது: லேயார்டின் ஈப்பிடிப்பான். மனைவியின் கிளிக்கு நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது. எஜமான் எழுதிக் கொடுத்ததை ஊர் எடுத்து மறுபடி எஜமானின் பெயரிலேயே போட்டுவிட்டது. அமெரிக்காவின் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில், தன் எல்லைக்குள் ஆட்களின் பெயர் தாங்கிய ஆங்கிலப் பறவைப் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றப்போவதாக அறிவித்தது. அடிமை முறைக்காகப் போராடிய தளபதிகளின் பெயரைப் பறவைகள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியில் தொடங்கிய விவாதம் அது. நியாயமான கேள்விதான். ஆனால் அது பொதுப்பெயர்களுக்கு மட்டும். அறிவியல் பெயரை அப்படிக் கைவைக்க விதி இடம் கொடுக்காது. லேயார்டின் பெயர் பொதுப்பெயரிலிருந்து என்றைக்காவது முற்றாகக் கழன்றாலும் முத்துவின் பெயர் அசையாது. தமிழில் எழுதுபவர்கள் அதை முத்து ஈப்பிடிப்பான் என்றே எழுதலாமே என்பது என்னுடைய விருப்பம். நிறத்தைச் சொல்லும் பெயரைவிட அது வாயில் நிற்கும்.

லேயார்டுக்குப் பிறகு, திருகோணமலையிலும் பிற இடங்களிலும் பணிபுரிந்த பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக் 1868 முதல் 1877 வரை இங்கே இருந்து, இலங்கைப் பறவைகள் பற்றிய மாபெரும் நூலை 1878க்கும் 1880க்கும் இடையில் கொண்டுவந்தார். 1955இல் ஜீ. எம். ஹென்றியின் கைந்நூல் வந்தது. 1943இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை ஒட்டி களப் பறவையியல் குழுவும் உருவாகின. வடக்கில் சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் பறவைச் சரணாலயங்கள் ஆயின. ஆக, வன்னிக் கரை பறவைகளுக்கு முக்கியம் என்பது யுத்தத்துக்கு முன்பே தெரிந்ததுதான்.

யுத்தம் முடிந்த பிறகு சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. வரைபடத்தில் இழுத்த கோடு தங்கள் வயலுக்குள்ளும் குடியிருப்புக்குள்ளும் மீன்பிடி இடத்துக்குள்ளும் போகிறது என்பது இங்குள்ள மக்களின் நீண்ட நாள் முறைப்பாடு. ஏற்கனவே இராணுவத்திடமும் வனத் திணைக்களத்திடமும் காணியை விட்டுக்கொடுத்துக் களைத்தவர்களுக்கு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் அதே வரிசையில் வந்த இன்னொன்றாகத்தான் தெரிகிறது. இந்த மனநிலையில் பறவையைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை. பூநாரை வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அடுத்து எந்தக் காணிக்குக் கல் போடப்போகிறார்கள் என்று கேட்கிற நிலைமை. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பறவையைத் தெரிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பறவையைக் காப்பாற்றப் போனால் இப்படித்தான் முடியும்.

மாரியில் தெற்கிலிருந்து வாகனங்களில் வருகிற பறவை பார்ப்பவர்களின் கையில் நீளமான கமெராக்கள் இருக்கின்றன. வருவது நல்லதுதான். அவர்கள் வாடிக்காரரிடம் வழி கேட்கிறார்கள், எந்தப் பக்கம் பறவை அதிகம் என்று கேட்கிறார்கள். வாடிக்காரர் கையை நீட்டிக் காட்டுகிறார். பதிவு கொழும்புக்குப் போகும்போது அதில் படம் எடுத்தவரின் பெயர் இருக்கும். கைநீட்டியவர் உள்ளூர் மீனவர் ஆகிவிடுவார். அந்த அளவில் பார்த்தால் லேயார்ட் இவர்களைவிடக் கொஞ்சம் முன்னே நிற்கிறார்.

அரிய பறவை ஒன்றின் பதிவு ஏற்கப்படுவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், யார் கண்டது, காற்று எப்படி இருந்தது என்ற விபரங்களும், கைத்தொலைபேசியில் எடுத்த, அலகும் இறக்கையும் காலும் தெரியும் இரண்டு படங்களும் போதும். பறவை செத்துக் கிடந்தாலும் அது பதிவுதான். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியையோ பேனையையோ வைத்துப் படம் எடுத்தால் அளவு புரியும். முகநூலில் போட்டுவிட்டு விடாமல், பறவைக் கழகத்துக்கோ களப் பறவையியல் குழுவுக்கோ, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கோ அனுப்பலாம். முதலில் கண்டவரின் பெயரை அவருடைய முழுப்பெயராகவே எழுதி அனுப்பலாம்.

உயிரோடு, ஆனால் எழும்ப முடியாமல் கிடந்தால் அதைத் திருப்பிக் கடலுக்குள் எறியக்கூடாது. மூழ்கிப் போய்விடும். நாய்க்கும் காகத்துக்கும் எட்டாமல், துணியால் மூடித் தூக்கி, காற்றுப் போகத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பற்றிய எச்சரிக்கைகள் இருக்கும் காலம் என்பதால் வெறுங்கையால் தொடாமல் இருப்பதும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் அவசியம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பெரும்பாலானவற்றுக்குத் தேவை சாப்பாடு இல்லை, ஒரு இரவு ஓய்வு. விடிந்து காற்று அடங்கியிருந்தால் பெட்டியைக் கரைக்குக் கொண்டுபோய்த் திறந்து, கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். கடற்பறவை என்றால் அலையைப் பார்த்தபடி வையுங்கள். காட்டுப் பறவை என்றால் நந்திக்கடல் பக்கத்துப் பற்றையடியில்.